மரம் வெட்டப் போறாங்க

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு தோட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டால் கட்டுபடியாகுமா என்று பார்ப்பது என் பொறுப்பு. வருங்கால வருமானத்தையெல்லாம் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதில் முதலீட்டைக் கழிக்க வேண்டும். மிச்சம் வந்தால் திட்டம் நல்லது. சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மிச்சம் நிறையவே வந்தது. அங்கேதான் என் அக்கா வேலை செய்தாள்.

மரங்கள் இலை உதிர்த்து, வேலை நின்றிருந்த நேரம். நேரில் சொல்லிவிடப் போனேன்.

"அக்கா, மரம் வெட்டப் போறாங்க."

அவள் முகம் மலர்ந்தது. தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பாலுக்காகப் பட்டையைச் சீவுவது. அங்கேயே பிறந்தவன், மறந்திருந்தேன்.

"எப்பலேருந்து தம்பி? சும்மாதான்லா உக்காந்திருக்கேன்" என்று கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தாள்.

"அந்த வெட்டு இல்லக்கா. சாய்க்கப் போறாங்க."

அவள் கை நிற்கவில்லை. தீட்டிக்கொண்டே, "செம்பனைக்கு இந்தக் கத்தி ஆவாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகாது என்று தலையாட்டினேன். முழுசாகத் தீட்டி முடித்து, விரலால் கூர் பார்த்து, துணியில் சுற்றி வைத்தாள்.

இருபத்தைந்து வருடங்களுக்குப் போட்ட கணக்கு அது. இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த வருடத்திலும் அக்கா இல்லை, அவ்வளவுதான்.