நடுவில் உட்காராத கிளட்ச் பிளேட்

அன்று வாசலில் அப்பாவும் நானும் இருந்தோம். மெக்கானிக் இல்லை, சத்தியமங்கலத்துக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டார். விடிந்தால் அப்பாவின் வாடகை அம்பாசிடர் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். கிளட்ச் மாற்றக் கழற்றிய எஞ்சினோ சங்கிலியில் தொங்கியது. புதுக் கிளட்ச் பிளேட்டை மாட்டியவன் நான். அது நடுவில் உட்காராவிட்டால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் அதற்குள் நுழையாது.

“குச்சி உட்டு நடுவுல இருக்குதான்னு பாத்தியா கண்ணு?”

“பாத்தாலே தெரியுதுங்கப்பா. இதுகூடத் தெரியாமயா டிப்ளமோ படிச்சேன்?”

அப்பா சங்கிலியை இறக்கினார். எவ்வளவு ஆட்டியும் எஞ்சின் கியர்பாக்ஸோடு சேரவில்லை. நேரம் ஓட ஓட எனக்குப் பொறுக்கவில்லை. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்தேன். உள்ளே ‘டக்’கென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் பிளேட்டின் நடுப்பகுதி உடைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டுக்காரர் வந்தார். “ஏனுங்க, இதா காலைல வாரது? படிச்ச பையன ஊட்டுல வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமுங்களா?”

“பையன் அப்பவே வேண்டாம்னானுங்க. நாந்தான் கேக்காம இறுக்கிப்போட்டேன்” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ‘இல்லைங்க, நான்தான்’ என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. வந்தவர் திட்டியது எதுவும் இப்போது நினைவில்லை. ஸ்பேனரைத் துடைத்தபடி நான் நின்ற நிற்பு மட்டும் இன்றும் உறுத்துகிறது. பிளேட்டுக்கும் கைவிட்டுப்போன வாடகைக்குமாக அப்பாவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் நட்டம் ஆனது.