நாலு சகாய மாதா

2016-இல் ஒரு நாள் காலை, எஞ்சின் நின்றுபோய் நான் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊர் மாதா கோயில் பங்கு அலுவலகக் கம்ப்யூட்டர் என்னைக் கரை சேர்த்துவிட்டது. என் வள்ளத்தின் பெயரைப் போட்டு ‘சகாய மாதா - வந்தாச்சு’ என்று பச்சை எழுத்தில் காட்டியதாம். அதை நம்பி யாரும் தேடி வரவில்லை. மதியம் வேறொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டபோது, “இம்புட்டு நேரம் டீக்கடையிலயா கெடந்த?” என்று அம்மா திட்டினாள்.

வள்ளங்கள் போவதையும் வருவதையும் குறிக்கிற அந்த மென்பொருளை எங்கோ வெளிநாட்டில் எழுதி, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சகாய மாதா என்று நாலு வள்ளம் உண்டு என்பதை அவர்கள் கண்டார்களா? பக்கத்துத் தெருக்காரன் சிலுவையின் சகாய மாதா கரைக்கு வந்ததும் நாலும் பச்சையாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கூடி அதைத் தூக்கிவிடப் போவதாகப் பங்குப் பேரவை சொன்னது. என் தங்கை ரெஜிஷாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாகர்கோவிலில் வெப்சைட் செய்யும் ஆபீசில் வேலை பார்க்கிறவள் அவள். அதை ஊருக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். “ஞாயிறு வரைக்கும் பொறுங்க, நான் சரியாக்கித் தாறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பங்குக் கம்ப்யூட்டரில் விளையாட முடியாது. அதில் நிஜமான ஆட்கள் கடலில் இருக்கிறார்கள். தன் லேப்டாப்பில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த மென்பொருளோ பழைய டேட்டாபேஸ் கேட்டது, ஆபீஸ் வேலைக்குப் புதியது வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றது படுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அவள் முகமே மாறிப்போய் ஓடி வந்தாள்.

“டாக்கர்னு ஒண்ணு இருக்கு கேட்டியா. மாமா கல்ஃபுல இருந்து கெட்டிக்கொண்டு வாற பெட்டி மாதிரிதான். வேண்டியது எல்லாம் உள்ளயே இருக்கும். எனக்க சாமான் ஒண்ணையும் தொடாண்டாம். கெட்டுப்போனா பெட்டியோட களஞ்சிட்டு வேற எடுக்கலாம்.”

சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவில்தான். சனிக்கிழமை மாலை அந்தப் பாறைகள்மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியை லேப்டாப்பில் இறக்கினாள். திரையில் வெயில் படாமல் நான் தோளில் கிடந்த துவர்த்தை விரித்துப் பிடித்து நின்றேன். இறங்கி முடிந்ததும் ஒரு வரி அடித்தாள். என்னென்னவோ எழுத்துகள் ஓடி ஓய்ந்தன. பங்கு அலுவலகத்தில் பார்த்த அதே திரை, காலியாக, அவள் மடியில் வந்து நின்றது.

“ஓடுது அண்ணா, பாத்தியா” என்றாள்.

நாலு சகாய மாதாவையும் கடலுக்கு அனுப்பி, சிலுவையை மட்டும் கரையேற்றினாள். நாலும் பச்சை. அதைப் பார்த்துச் சிரித்தாள், குறை கைக்குள் அகப்பட்டுவிட்டதாம். பெயரை மட்டும் வைத்துத்தான் அது வள்ளத்தை அடையாளம் காண்கிறது. கடற்கரையில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எங்களுடையது சுக்காப்பி வள்ளம். அது வீட்டுப் பட்டப்பேர். அந்தப் பட்டப்பேருக்கும் ஒரு இடம் போட்டு எழுதினாள். ஒருமுறை எல்லாம் கவிழ்ந்தது. பெட்டியைக் களைந்து புதியது எடுத்தாள். என்னை எத்தனை தடவை கடலில் தொலைத்தாளோ, கணக்கில்லை. கடைசியில் சிலுவை வந்தான், ஒன்று பச்சை, மூன்று சிவப்பு. நான் போட்ட கூச்சலில் தூண்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பேரவை ஒத்துக்கொண்டது. மென்பொருளை எழுதியவர்களுக்கும் அனுப்பினாள், பட்டப்பேர் என்றால் என்னவென்று விசாரித்துவிட்டு அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் வலை கடலுக்கடியில் பாறைப் பாரில் மாட்டி, நேரம் கழித்துத் திரும்பினேன். கோயில் மைக் கடல்வரை கேட்டது: “சகாய மாதா, சுக்காப்பி, இன்னும் வரவில்லை.” சிலுவை என்னைத் தேடி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். அம்மா திட்டவில்லை, என் ஈரக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ரெஜிஷா என் தோளை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பச்சையாக்கப் பங்கு அலுவலகத்துக்கு ஓடினாள்.