கல்லீரலில் குடிவந்தவர்

"குறட்டை கூடியிருக்கு, எழுதிக்கங்க" என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிட்டார் மெத்தைக்காரர். நர்ஸம்மாவும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மரபணு சிகிச்சைச் சோதனையில் சேர்ந்தவரைப் பத்துப் பதினைந்து வருஷம் கண்காணிக்க வேண்டுமாம். அதனால் நோய் தீர்ந்த இந்த மனிதர் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்கு வந்து, வேறு நோய் ஏதாவது அகப்படுகிறதா என்று தேட ஒத்தாசை செய்கிறார்.

பிறவியிலேயே அவருக்கு ரத்தம் சரியாக உறையாது. சின்னக் கீறல்கூடப் பெரிய விவகாரம். ஆகவே உலகத்திலேயே மெத்தென்ற தொழிலாகப் பார்த்து, மெத்தைக் கடை வைத்தார். அங்கேயும் கத்திரிக்கோலும் ஊசியும் மனைவியின் இலாகா. சில வருஷங்களுக்கு முன் புது மரபணு ஒன்றை மருந்தாக ஏற்றினார்கள். அது கல்லீரலில் குடியேறிவிட்டது. ரத்தம் ஒழுங்காக உறைகிறது. மனிதர்தான் குழம்பிப் போனார். கோபம் வந்தால், அது தம்முடையதா, குடிவந்தவருடையதா?

"கல்யாணமான நாள்லேர்ந்தே குறட்டைதான், நர்ஸம்மா. பாவம், அந்தப் புதுசு மேல பழி போடறார்" என்றார் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? இது வேற சுருதி."

இந்த முறை மகளும் வந்திருந்தாள், ஐந்து மாத வயிற்றோடு. பிறப்பது பையன் என்றால் தாத்தாவின் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னார்.

மெத்தைக்காரர் விழித்தார். "எனக்குத்தான் சரியாயிடுச்சே?"

"உங்க கல்லீரல்ல மட்டும்தாங்க சரியாச்சு. பழைய மரபணு, உங்க பொண்ணு உருவானப்பவே அவங்களுக்குப் போயாச்சு."

"அதெப்படி? என் வீட்டுக் கூரையை மாத்தியாச்சு, இன்னும் அவ வீட்டுல ஒழுகுதுங்கறீங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"விடுங்கப்பா. பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்றாள் மகள். குரல் அவ்வளவு தைரியமாக இல்லை.

"வருஷா வருஷம் என் ரத்தத்தைக் குழாய் குழாயா எடுக்கறீங்களே. அதுல கொஞ்சம் குழந்தைக்கு உதவாதா?"

"உதவாதுங்க. ஆனா இப்பவே தெரிஞ்சதால, பிரசவத்துலேர்ந்தே ஜாக்கிரதையா இருக்கலாம்."

மெத்தைக்காரர் தலையாட்டினார். புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நர்ஸம்மா இடது கையில் ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்தார். "அவ்வளவுதான், கிளம்பலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. மகள் பக்கம் திரும்பாமல், வலது சட்டைக்கையையும் மெல்ல மேலே சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினார்.