அறுபத்து மூன்றாவது மூலக்கூறு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சின்னஞ்சிறு கரிம மூலக்கூறுகளை வடிவமைப்பது அவர் வேலை. மூலக்கூறில் வால்போல் தொங்கும் கரிமச் சங்கிலி நீண்டால் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்காராது. குட்டையானால் கரையவே கரையாது. பதினொரு வருடம், அறுபத்திரண்டு மூலக்கூறுகள், ஒன்றும் தேறவில்லை. "நம்ம அக்கா இன்னும் தேடிக்கிட்டே இருக்காங்க" என்று பேராசிரியர் கூட்டத்துக்குக் கூட்டம் சிரிப்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். தற்காலிக வேலை, அந்த வருடம் நிரந்தரமாகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த மூலக்கூறுகளைப் பூசிச் செய்யும் சூரிய மின்கலத்தை, செல்லை, அளப்பவன் நான். விளக்கின் கீழ் வைக்கும்போது, துளையிட்ட கறுப்புத் தகட்டால் மூட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டு வெளிச்சமும் புகுந்து மின்சாரத்தை ஏற்றிக் காட்டும். அறுபத்து மூன்றாவதை அளந்த அன்று மூட மறந்தேன். விழுந்த ஒளியில் பதினேழு சதவீதம் மின்சாரமானதாக வந்தது.

அக்கா அழுதேவிட்டார். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை போனது; அக்கா பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அவருடைய நிரந்தர வேலைக்குப் பரிந்துரையும் போனது.

அடுத்த செல்லை அளக்கத் தகட்டை எடுத்தபோதுதான் உறைத்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இப்பவே திரும்ப அள."

பன்னிரண்டு. மூன்று முறையும் பன்னிரண்டுதான்.

இருவரும் பேராசிரியரிடம் போனோம். "அனுப்பியாச்சும்மா. உன் வேலையே இதுலதான் தொங்குது. பேசாம இரு" என்றார்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க சார்."

எடுத்தார், பரிந்துரையையும் சேர்த்து. அக்கா விடவில்லை. உண்மையில் பன்னிரண்டுதான் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி என்னிடம் நீட்டினார்.

"அளந்தது நீ. நீ கையெழுத்துப் போட்டாத்தான் நம்புவாங்க."

"எனக்கும் குடும்பம் இருக்குக்கா" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

கட்டுரை பதினேழு என்றே வெளியானது. நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது.

போன வாரம் வேறொரு நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். மூன்று வருடமாக அந்த மூலக்கூறைச் செய்து பார்க்கிறாளாம், பன்னிரண்டைத் தாண்டவில்லையாம், தன் தவறு எங்கே என்று கேட்டிருந்தாள். உங்கள் பொருள் போதுமான அளவு சுத்தமாக இல்லை, மறுபடி சுத்திகரியுங்கள் என்று பதில் போட்டேன்.

நன்றி சொல்லி எழுதியிருக்கிறாள்.