பிறந்த மாவட்டத்தைக் காணவில்லை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். இங்கிலாந்தில் பிறந்த என் தங்கை மகனுக்குப் பெண் கேட்டுக் கோப்பாய்க்குப் போன நான், ஒரு உண்மையைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். அது அவனுடைய பிறப்புச் சான்றிதழ்.

சம்பந்தம் சரிவரும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது. ஆகவே என் முன்னால் வடைத் தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

பெண்ணின் தகப்பன் தொண்டையைச் செருமினார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. லண்டனிலை இருக்கிற என்ரை மச்சான் விசாரிச்சவர். உந்தச் சான்றிதழிலை கிடக்கிற மாவட்டம் அங்கை இல்லையாம். இல்லாத இடத்திலை பிறந்தவனுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?"

தங்கை தொலைபேசியில் சொல்லித்தந்த வரலாற்றை எடுத்துவிட்டேன். ஒன்றின் முகத்தை ஒன்று பாராத இரண்டு பட்டினங்களை அரசாங்கம் ஒரே மாவட்டமாகக் கட்டிவைத்தது. யாருடைய பெயரை வைப்பதென்ற சண்டையில், நடுவே ஓடிய ஆற்றின் பெயரை வைத்தார்கள். மருமகன் பிறந்த பிறகு அந்த மாவட்டத்தையும் கலைத்துப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

"நீங்கள் பிறக்கேக்கை இருந்த கிராமசபையும் இப்ப இல்லைத்தானே. அதுக்காக நீங்கள் பிறக்கேல்லையோ?" என்றேன்.

"பிறந்தவர்தான். அதாலைதான் நான் கிடந்து படுறன்!" என்றார் குசினியிலிருந்து அவர் மனைவி.

தகப்பன் அதைக் கேட்காதவர்போல யோசித்தார்.

"பேருக்கோ சண்டை பிடிச்சவை?"

"ஓம். வருசக்கணக்கா."

"அப்ப எங்கடை கோயில் சபை மாதிரித்தான். தெரிஞ்ச சனந்தான், அண்ணை" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். "வடையை எடுங்கோ."