தாய்மாமன் இறங்கிய குறுக்கு வழி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கே.ஜி.எஃப். தங்கவயலில் நாங்கள் குடியிருக்கும் நந்திதுர்க்கிலிருந்து மினி வேன் பிடித்து, முள்பாகல் பக்கத்தில் இருக்கும் ஆவணி கோவிலுக்குப் போனோம். நான், என் மனைவி, என் தங்கை, அவள் கணவர், அப்புறம் தங்கையின் பதினோரு மாதக் குழந்தை. அன்றைய விசேஷமே அவனுக்குத்தான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் என் தங்கை ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. கடைசியில் ஆவணி மலை மேலிருக்கும் சீதையம்மாவிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் மேலே தூக்கி வந்து காட்டுகிறேன், கீழே ராமலிங்கேஸ்வரர் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறேன் என்று. சீதை லவனையும் குசனையும் பெற்றெடுத்தது அந்த மலையில்தான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மொட்டை, காதுகுத்து இரண்டும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். ஆகவே அன்றைக்கு நான்தான் ராஜா! பட்டு வேட்டி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். “இன்னாங்க, மொட்டை அவனுக்கா, கல்யாணம் உங்களுக்கா?” என்று மனைவி கிண்டல் செய்தாள்.

கீழ்க்கோவிலுக்கு ஆயிரம் வயசுக்கு மேல் இருக்கும். ராமர், லட்சுமணர், பரதர், சத்ருக்னர் என்று நாலு பேர் பெயரிலும் தனித்தனி லிங்கம். தூணில் கை வைத்தால் அந்தக் காலைக் குளிர் உள்ளங்கையில் ஏறியது. கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். குழந்தையைத் தூக்கியது நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மேலே சின்னச் சன்னதி. தங்கை பிள்ளையை அம்மன் முன்னால் தரையில் கிடத்திவிட்டு வாய்விட்டு அழுதாள். அவள் கணவர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே பிள்ளை பசியில் வீறிட ஆரம்பித்தான். ராகிக் கஞ்சி ஃபிளாஸ்க் எங்கே என்று பார்த்தால், வேனிலேயே இருக்கிறது.

“நீங்க நிதானமா வாங்க, நான் இவன எடுத்துனு போயி கஞ்சி குடுக்கறேன்” என்றேன்.

“படி வழியாவே போண்ணா” என்றாள் தங்கை.

“யாரப் பாத்து சொல்ற? சயனைடு மேட்டுல ஓடி வளந்த காலு இது!” என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைச் சுரங்கக்காரர்கள் மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதுதான் சயனைடு மேடு. பெரியவர்கள் போகாதே என்று கத்தினாலும் அதில் ஏறி இறங்காத பிள்ளை எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இல்லை. இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஓங்கி ஊன்றி, மளமளவென்று இறங்க வேண்டும். குதிகால் மண்ணில் புதைந்து பிடித்துக்கொள்ளும்.

படியை விட்டுப் பாறை வழியாகக் குறுக்கே இறங்கினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கால் தன் பழக்கத்தை விடுமா? குதிகாலை ஓங்கி ஊன்றினேன். அது புதைய அங்கே மண் ஏது? கருங்கல், அதன் மேல் பாசி. அப்படியே மல்லாந்து விழுந்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி வழுக்கிக்கொண்டே போனேன். ஒரு கால் ஏதோ பாறை இடுக்கில் மாட்டி நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் ரெண்டு ஆள் நீளம் போனால் பாறை முடிந்து பள்ளம். ஐயோ, ஏழு வருஷம் காத்திருந்து பெத்த பிள்ளையடா என்று மனசு அலறியது. வாயில் சத்தமே வரவில்லை. பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் அந்தம்மா வந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், ஐம்பது வயசிருக்கும். எழுந்திருக்காதே, படுத்தே இரு என்று தெலுங்கில் ஒரு அதட்டல். பக்கவாட்டில் திரும்பி, வெறுங்காலை முழுசாகப் பாறையில் பதித்துப் பதித்து என்னிடம் வந்து கையை நீட்டினார்.

“பிட்டனி இய்யப்பா, நேனுன்னானு.” குழந்தையைக் கொடுப்பா, நான் இருக்கேன் என்றார்.

எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை விடவில்லை. முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது? அவர் அவசரப்படவில்லை. அதையே இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார். கொடுத்தேன். பிள்ளையை முந்தானையில் கட்டிக்கொண்டு படி வரை கொண்டுபோய் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர்ந்தேன். கல்லையும் மண்ணையும் பார்த்து நடக்கத் தெரியாதவனுக்குக் குறுக்கு வழி எதுக்கு என்று ஒரு திட்டு திட்டினார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆடுகள் பக்கம் திரும்பிப் போய்விட்டார். படி வழியாகவே கீழே இறங்கி, வேனிலிருந்த கஞ்சியைப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

கீழே மற்றவர்கள் வந்தபோது என் வேட்டி கிழிந்து, முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. படியில் தடுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர் அந்தம்மா ஒருவர்தான், அவரும் அங்கே இல்லை. ஆனால் தங்கை முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பிள்ளையை வாங்கி, தலை, கை, கால் விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. “நல்ல வேல பண்ணீங்க!” என்று என் மனைவிதான் பொரிந்து தள்ளினாள்.

மொட்டை போடுகிறவர் மனைப்பலகையைப் போட்டு, “தாய்மாமன் வாங்க” என்று கூப்பிட்டார். நான் நகரவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, “நீங்களே மடியில வெச்சிக்கோங்க” என்றேன்.

தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாண்ணா பேசற? வுழுந்தப்பகூட இவன வுட்டியா நீ? போயி ஒக்காரு!”

உட்கார்ந்தேன். அவளே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் முழங்கை ரத்தம் இன்னும் காயாததைப் பார்த்தாள், பார்த்தும் பிள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை.

என் அலட்டல் இன்றைக்கும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, மலை ஏறுவதையும் நான் நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பயல் “மாமா” என்று ஓடி வந்து மடியில் ஏறும்போதெல்லாம், தங்கை இடத்தில் நான் இருந்திருந்தால், ஏழு வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளையை அப்படி ஒருத்தன் மடியில் திரும்ப வைக்க எனக்கு மனசு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன், சத்தியமாக வந்திருக்காது.