துவைத்துக் கொடுத்த புடவை

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பது மணிக்கு அந்தப் போன் வந்தது. நைட் ஷிப்ட் முடித்துப் பைக்கில் ஊருக்குப் போன தாமோதரனைப் பழையசீவரம் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் லாரி அடித்துவிட்டது, உயிர் அங்கேயே போய்விட்டது என்று உடன் வேலை செய்பவர் அழுதுகொண்டே சொன்னார். “வாயக் கழுவுய்யா” என்று அவரைத் திட்டினேன்.

நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தவர் தாமு. முப்பது வயதுகூட ஆகவில்லை. உயிரோடு இருந்தவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. அந்த மரியாதையை இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருடையது. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, கழனி வேலைக்குப் போய் அவரை வளர்த்தவர்கள் தாத்தாவும் ஆயாவும்தான். வருடா வருடம் பொங்கலுக்கு அந்த இருவருக்கும் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போவார். அவரைத் தெரியாதவர்களுக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொன்னாலே போதும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், காஞ்சிபுரத்துக் கடையொன்றில் பளபளவென்று கண்ணாடிக் காகிதம் சுற்றிய பரிசுக்கூடை வாங்கினார். சாக்லேட், பாதாம், பீங்கான் கோப்பை, இன்னும் என்னென்னவோ. திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“சாமி படத்தாண்ட வெச்சி கும்புட்றாங்கண்ணா. ரிப்பனக்கூட அவுக்கல. எறும்புதான் பொங்கல் கொண்டாடிச்சி.”

அடுத்த வருடம் புடவை, வேட்டி, போர்வை, பிளாஸ்க் என்று உபயோகமாக வாங்கினார். அவையும் நேராக டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. பேரன் கல்யாணத்துக்கு ஆகுமாம். “பனியில கோணியப் போத்திக்கினு படுத்துக்கினு கீறாங்க. போர்வ பெட்டில கீது. பேஜாரா கீதுண்ணா” என்றார்.

மூன்றாம் வருடம் ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக இருந்தால்தானே பத்திரப்படுத்துவார்கள்? எல்லாவற்றையும் பழசாக்கினார். புடவையை மூன்று தடவை துவைத்தார். பிளாஸ்கில் நாலு நாள் டீ குடித்தார். ஆயாவின் விரல் மடங்காது என்று தைலக் குப்பியின் மூடியைத் திருகி இளக்கி வைத்தார். பல் போன தாத்தாவுக்காக முறுக்கை இடித்து டப்பாவில் போட்டார். தாத்தாவின் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வேலையிடத்தில் நடந்தபோது, “சேஃப்டி ஷூ எங்கடா?” என்று கத்தினேன்.

“தாத்தா கால கடிக்கக் கூடாதுண்ணா. பழக்கிக்கினு கீறேன்.”

“பழைய பாத்திரக்காரன் மூட்டையாட்டம் கீதுடா உன் பெட்டி” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டினார். அந்தப் பொங்கலுக்கு ஆயா, “பழசுதான நைனா, கட்டிக்கினா இன்னா” என்று அந்தப் புடவையை அன்றைக்கே கட்டிக்கொண்டாராம். திரும்பி வந்ததும் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே வழிதான்.

இந்த வருடம் மூன்று நாள் லீவு கேட்டார். அவசர ஆர்டர் இருந்தது. “யாருக்குதான் பொங்கல் இல்ல? போய் வேலையப் பாரு” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி நாள் மறுபடியும் வந்து நின்றார். “காலைல ஷிப்ட் முடிச்சி ஒரு ஓட்டம் போய்க் குடுத்துட்டு, நைட்டுக்கு வந்துர்றேண்ணா.” நான் அதற்கும், “லேட்டாவக் கூடாது” என்றுதான் சொன்னேன்.

பைக் நசுங்கிவிட்டது. பின்னால் கட்டியிருந்த பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் நான்தான் அதை வாங்கி வந்தேன். எல்லாம் அவர் வழக்கப்படியே இருந்தன. புடவை மட்டும் மடிப்புக் கலையாமல், கடைச் சீட்டு ஒட்டியபடி இருந்தது. துவைக்க அவருக்கு நேரம் ஏது? ஓவர்டைம் போட்டவன் நான்.

“சாவு வூட்டுக்குப் புதுப் பொடவ எடுத்துக்கினு போனா அது கோடித்துணியாப்பூடும். அந்தம்மா மனசு இன்னா ஆவும்?” என்றாள் என் மனைவி. நானே துவைத்தேன். இருபது வருடக் குடித்தனத்தில் நான் துவைத்த முதல் புடவை அதுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் கொண்டுபோனேன். ஆயா புடவையைத் தடவிப் பார்த்தார்.

“நீ தோச்சியா நைனா? முறுக்கிப் புயிஞ்சிட்டுகீற. அவன் முறுக்க மாட்டான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“புதுசுன்னு எங்களுக்குத் தெரியாதா? பழசுன்னு கட்டிக்கினா அவனுக்கு ஒரு சந்தோசம். அதுக்கோசரம் சும்மா இருந்தோம்” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “லீவு கேட்டான் தாத்தா. நான்தான் குடுக்கல” என்று சொல்லிவிட்டேன். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். தாத்தா பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“லீவு இல்ல, பொங்கல் கயிச்சி வரேன்னு எனக்குப் போன் பண்ணான்பா” என்றார் மெதுவாக. “நான்தான் கோவத்துல, ‘நாங்க இன்னா உன்னப் பெத்தவங்களா, ஓடியாறதுக்கு’ன்னு கேட்டுட்டேன். ‘காலைல வந்து நிக்கிறேன் தாத்தா’ன்னான்.”

ஆயாவுக்கு இது அதுவரை தெரியாது போலிருக்கிறது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் தாத்தாவும் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் யோக்கியதை இருவருக்குமே இல்லை.

தாமு, பெட்டியை வீட்டில் சேர்த்துவிட்டேன். உங்களைத்தான் சேர விடவில்லை. போய் வாருங்கள்.